தங்கச்சி வண்டியின் பானட்

அந்த டிங்கருக்கு 'இடுக்கு' என்று பெயர் வைத்த மகராசன் யாரோ தெரியாது. ஆனால் ஆளை நன்றாகக் கவனித்துத்தான் வைத்திருக்கிறான். மோதி நசுங்கிய கார்களுக்குப் புதுத் தகடு மாட்டுவது அவர் தொழில். புதுத் தகடு என்றால் கம்பெனித் தகடு இல்லை. அதை எந்த மடையனும் மாட்டிவிடுவான், துளைக்குத் துளை சரியாக உட்கார்ந்துகொள்ளும். இவரிடம் வருவதெல்லாம் டூப்ளிகேட். கதவு என்றால் கீல் சேராது. பம்பர் என்றால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். பானட் இருக்கிறதே, அந்த எஞ்சின் மூடி, அதற்கும் பக்கத்துத் தகட்டுக்கும் நடுவில் இடதுபக்கம் விரல் போகும், வலதுபக்கம் நகம்கூடப் போகாது. அந்த இடுக்கை இரண்டு பக்கமும் ஒரே அளவுக்குக் கொண்டுவருவதற்குள் உயிர் போய் உயிர் வரும். கீலுக்கு அடியில் ஒரு வாஷர் கொடுப்பார், துளையை அரத்தால் கொஞ்சம் அகலப்படுத்துவார், ஓரத்தை மரச்சுத்தியால் தட்டுவார். கடைசியில் பெயின்ட்டைத் தொட்டு வைத்துத் துடைத்துவிட்டால், அங்கே ஒருவர் கை வைத்தார் என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். இருபத்தெட்டு வருஷமாக இதே வேலை.

இந்தக் குணம் பட்டறையோடு நின்றிருந்தால் தேவலை. ஆஸ்பத்திரியில் கிடந்த மாமனாரைப் பார்க்கப் போனவர், கட்டிலுக்குப் பக்கத்து அலமாரிக் கதவு கோணலாகத் தொங்குகிறதென்று ஸ்குரூ டிரைவர் கேட்டு, நர்ஸிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு வந்தார். மாமனார் எப்படி இருக்கிறார் என்று வீட்டில் கேட்டபோதுதான், அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லை என்பதே இவருக்கு ஞாபகம் வந்தது. "என்னையும் ஒரு தட்டு தட்டி நிமிர்த்திடுங்களேன்" என்பாள் மனைவி. அவளும் எத்தனை வருஷம்தான் சிரித்துக்கொண்டே சொல்வாள்?

அவருக்கு ஒரு தங்கை. ஒன்பது வயது இளையவள். புருஷன் விட்டுவிட்டுப் போன பிறகு கார் ஓட்டக் கற்றுக்கொண்டு, ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கூட்டிப்போய்க் கொண்டுவந்து விட்டுக்கொண்டிருந்தாள். ஐந்து வருஷம், ஒரு நாள்கூடத் தாமதம் கிடையாது. போன வருஷம் முன்னால் நின்ற ஒரு லாரி ரிவர்ஸில் வந்து அவள் காரின் மூக்கை நசுக்கிவிட்டது. நம்மாள் அப்போது மஞ்சள் காமாலையில் படுத்த படுக்கை. பள்ளிக்கூடமே வேறொரு பட்டறைக்கு ஏற்பாடு செய்தது. அந்தப் புண்ணியவான்கள் ஒரு டூப்ளிகேட் பானட்டை ஏனோதானோவென்று மாட்டி அனுப்பினார்கள். அது கோணலாக உட்கார்ந்தது. அதனால் பூட்டுக் கொக்கி பாதிதான் மாட்டியது. வெளியிலிருந்து பார்த்தால் மூடியதுபோலத்தான் இருக்கும்.

ஒரு நாள் காலையில், நான்கு பிள்ளைகளோடு போய்க்கொண்டிருக்கும்போது, வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கொக்கி கழன்றது. பானட் எழும்பி அவள் கண்ணை மறைத்துக்கொண்டு நின்றது. முன்னால் ஒன்றும் தெரியாமலேயே அவள் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள். பிள்ளைகளுக்கு ஒரு கீறல் இல்லை. இதற்கு அவளைத் தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடியிருக்க வேண்டும். நடந்தது வேறு. பட்டறைக்காரன், "பானட் நல்லாத்தான் இருக்கு, அந்தம்மா சரியா மூடாம ஓட்டியிருக்காங்க" என்று கைகழுவினான். பள்ளிக்கூடம் அவளை நிறுத்திவைத்தது. பரிசோதகர் ஒருவர் புதன்கிழமை வந்து வண்டியைப் பார்ப்பார், பானட்டில் கோளாறு என்று எழுதினால் அவள் திரும்பி வரலாம் என்றார்கள்.

சனிக்கிழமை அவள் வண்டியை மெதுவாக உருட்டிக்கொண்டுவந்து அண்ணன் பட்டறையில் நிறுத்தினாள்.

"அண்ணா, உன்னைக் கெஞ்சிக் கேட்டுக்கிறேன். ஒரு போல்ட்டைக்கூடத் தொடாதே. அது கோணலா இருக்கிறதுதான் எனக்கு சாட்சி."

"நான் என்ன சின்னப் பிள்ளையா?"

"உன் கை சும்மா இருக்காதே."

"தொடமாட்டேன். போ, நிம்மதியா தூங்கு."

ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் மனுஷன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். வண்டியைப் பார்க்காமலிருக்க அதன்மேல் ஒரு பெட்ஷீட்டைக்கூடப் போட்டுவைத்தார். செவ்வாய்க்கிழமை மத்தியானம் பெயின்ட் கடைக்காரர் வந்தார். வந்தவர் வந்த வேலையைப் பார்த்துக்கொண்டு போகவேண்டியதுதானே? பெட்ஷீட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னப்பா இடுக்கு, இது உன் கைவேலையா? கண்ணு போச்சா?" என்று சிரித்துவிட்டுப் போனார்.

அவ்வளவுதான், சுருக்கென்று தைத்துவிட்டது. இடதுபக்க இடுக்கை மட்டும் சரிசெய்தால் என்ன என்று தோன்றியது. தங்கச்சிக்கு வேண்டியது கொக்கிதானே, கொக்கிப் பக்கமே போகப்போவதில்லை என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டார். கொக்கி பாதியில் நிற்பதைப் பார்த்துக்கொண்டே கீலைத் தளர்த்தினார், ஒரு வாஷர் கொடுத்தார், துளையை ராவினார், ஓரத்தைத் தட்டினார். ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கமும் ஒரே கோடு. பெயின்ட்டும் தொட்டாயிற்று. மனம் குளிர்ந்துபோய் பானட்டை இறக்கினார்.

'டக்' என்று கேட்டது.

அவர் பானட்டின் நுனியைப் பிடித்தார். இழுத்துப் பார்த்தார், அசையவில்லை. கீல் நேரானால் மூக்கும் நேராகும், மூக்கு நேரானால் கொக்கி தானாக வந்து மாட்டும். இருபத்தெட்டு வருஷமாகத் தெரிந்த விஷயம். அந்த ஒரு மணி நேரம் மட்டும் தெரியாமல் போய்விட்டது.

மறுபடி எல்லாவற்றையும் தளர்த்தி, பழையபடி கோணலாக்கப் பார்த்தார். எது பழையபடி? சரியான அளவு அவர் விரலில் இருந்தது. கோணலை யார் அளந்து வைத்திருக்கிறார்கள்? இப்படி நகர்த்தினாலும் 'டக்', அப்படி நகர்த்தினாலும் 'டக்'. தட்டிய ஓரம் தட்டியதுதான். தங்கைக்குச் சொல்ல மூன்று முறை போனைக் கையில் எடுத்தார். மூன்று முறையும் கீழே வைத்தார். பயம்தான், வேறென்ன.

புதன்கிழமை காலையில் பரிசோதகரும் அந்தப் பட்டறைக்காரனும் தங்கையும் ஒன்றாகவே வந்து சேர்ந்தார்கள். "எப்பவும் எப்படி மூடுவீங்களோ அப்படியே மூடுங்கம்மா" என்றார் பரிசோதகர். அவள் பானட்டைத் தூக்கி, கை உயரத்திலிருந்து விட்டாள். 'டக்.' பரிசோதகர் இழுத்துப் பார்த்தார். அவள் மறுபடி தூக்கி விட்டாள். மறுபடியும் 'டக்.' மூன்றாம் முறை விட்டுவிட்டு அவள் அண்ணனைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவரால் தாங்க முடியவில்லை.

"சார், நான்தான் நேத்து சரி பண்ணிட்டேன். முன்னாடி மாட்டலை சார்."

பரிசோதகர் குனிந்து ஓரத்தைத் தடவிப் பார்த்தார். வேலை செய்த தடயமே இல்லை. "நீங்க இவங்களுக்கு யாரு?"

"அண்ணன்."

"சரிதான்" என்றார் அவர். கேலியாகக்கூடச் சொல்லவில்லை. பாவம், எத்தனை அண்ணன்களைப் பார்த்திருப்பாரோ.

அவள் போனில் எடுத்துவைத்திருந்த படங்களைக் காட்டினாள். "சரியா மூடாத பானட்டும் படத்துல இப்படித்தாம்மா தெரியும்" என்று சொல்லிவிட்டு, நின்றபடியே எழுதினார். பூட்டில் குறை இல்லை. மூடாமல் ஓட்டியிருக்கிறார்.

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சாவியை வாங்கி வண்டியை எடுத்துக்கொண்டு போனாள். அந்தப் பிள்ளைகளை இப்போது வேறொருவர் கூட்டிப்போகிறார். மூடாத வண்டியை ஓட்டினவள் என்று வேறு எந்தப் பள்ளிக்கூடமும் அவளைச் சேர்க்கவில்லை. ஒரு துணிக்கடையில் மடித்து வைக்கும் வேலைக்குப் போகிறாள்.

இரண்டு மாதம் கழித்து அண்ணியைப் பார்க்க வந்தவள், கிளம்பும்போது வாசலில் நின்றுகொண்டு கேட்டாள்.

"அண்ணா, ஒருவேளை அன்னைக்கு நான்தான் சரியா மூடலையோ?"

"இல்லடா. நீ மூடினே. மாட்டாதது அந்தக் கொக்கி. என் கண்ணால பார்த்தேன்."

"யோசிச்சுப் பார்த்தா எனக்கே தெரியலை. அன்னைக்குக் கொஞ்சம் அவசரமாத்தான் கிளம்பினேன்." செருப்பை மாட்டிக்கொண்டாள். "நாலு பிள்ளைங்க அண்ணா. ஏதாவது ஆகியிருந்தா?"

"நீ மூடினேடா" என்றார் அவர் மறுபடியும்.

"சரி விடு. நீ எனக்காகச் சொல்றே" என்று அவர் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டு அவள் பஸ்ஸுக்குப் போனாள்.