வளரி மேல் ஒரு சாக்பீஸ் எண்

சுகிர்தம் டீச்சருக்கு ராஜாக்கள் மேல் கோபம். நான்காம் வகுப்புச் சரித்திரப் பாடத்தில் வரிசையாக வருகிற அத்தனை ராஜாக்கள் மேலும்தான். பிள்ளைகள் அவர்கள் பெயர்களை மூச்சுவிடாமல் ஒப்பிப்பார்கள். "அசோகர் எந்த ஊர்ல இருந்தாரு?" என்று கேட்டால் மட்டும் பெரியகுளம் என்பார்கள். தாசில்தார் இருக்கிற ஊரில்தானே ராஜாவும் இருப்பார்? பிள்ளைகளைக் குறை சொல்லி என்ன செய்ய?

தேனி பஜாரில் பாத்திரக்கடை வைத்திருந்த ஜேசுராஜின் மூத்த மகள் அவள். 1968-இல் டிரெயினிங் முடித்த கையோடு, வருசநாட்டு மலையடியில் பஸ் திரும்பிப் போகிற கடைசி ஊரில் வேலைக்குப் போட்டார்கள். "அங்கன ஒரு வருசம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்ட" என்றார் அப்பா. அந்த ஒரு பேச்சுக்காகவே மூன்றாவது வருடமும் அங்கே இருந்தாள். அவ்வளவு வீம்பு.

அந்த மூன்றாவது வருடம் தை மாதத்தில், ஒரு வெள்ளிக்கிழமை, புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சொன்னாள்: "ராஜாக்களக் கொஞ்ச நாளைக்கு மூட்டை கட்டி வைப்போம். திங்கக்கிழமை வரும்போது ஆளுக்கு ஒரு சாமான் கொண்டு வாங்க. உங்க வீட்டுலயே ரொம்பப் பழசு எதுவோ, அது. வீட்டுல கேட்டுட்டுக் கொண்டாரணும்."

திங்கட்கிழமை பெஞ்சு நிறைந்துவிட்டது. நெல் அளக்கிற ஓட்டை மரக்கால், மாட்டுக் கொம்பில் செய்த பொடி டப்பா, யாரோ ஒரு தாத்தாவின் கடுக்கன், சாவி தொலைந்துபோன பூட்டு. எது மூத்தது, எது இளையது என்று பிள்ளைகள் மல்லுக்கு நின்றார்கள். சரித்திர வகுப்பில் சண்டை வந்ததில் சுகிர்தத்துக்குப் பரம சந்தோஷம். சண்டை முடிவாக முடிவாக, ஒவ்வொரு சாமான் மேலும் சாக்பீஸால் எண் போட்டுக்கொண்டே வந்தாள். மரக்கால்தான் ஒன்றாம் நம்பர்.

கடைசியாக வந்தாள் பவுனு. ஒருநாளும் வீட்டுப்பாடம் தவறாத பிள்ளை. துண்டில் சுற்றியிருந்ததைப் பிரித்துப் பெஞ்சு மேல் வைத்தாள். வளரி. அந்தக் காலத்தில் வேட்டைக்கும் சண்டைக்கும் வீசி எறிந்த, பிறை மாதிரி வளைந்த மரம். எண்ணெய் ஏறிக் கறுத்திருந்தது. சுகிர்தம் அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாரோடது இது?"

"எங்க பூட்டனுக்குப் பூட்டன் எறிஞ்சது டீச்சர். அப்பா சொன்னாக."

அப்புறம் என்ன யோசனை? மரக்கால் மேலிருந்த எண்ணை அழித்துவிட்டு, வளரியின் வளைவில் பெரிதாக '1' என்று எழுதினாள். எழுதி முடித்து நிமிர்ந்தபோதுதான், வகுப்பில் ஒரு பிள்ளைகூடப் பேசவில்லை என்பது உறைத்தது.

"டீச்சர், அது சாமி" என்றது பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

பவுனின் அப்பா சுருளியாண்டி அந்த ஊர் ஆத்தா கோயில் பூசாரி. வளரியை வைத்துக் கும்பிடுகிற சாமிப் பெட்டி அவர் வீட்டில்தான் இருந்தது. வருடத்தில் ஒரே ஒரு நாள், மாசி சிவராத்திரி அன்று, அவர் விரதமிருந்து அதைத் திறப்பார். மற்ற நாளில் பெண்கள் அந்த மூலைப் பக்கம் போய்க் கூட்டுவதுகூடக் கிடையாது. சிவராத்திரிக்கு இன்னும் நாள் கிடந்தது.

"பெட்டிய யாரு திறந்தது பவுனு?"

"நாந்தான். நம்ம வீட்டுல எது ரொம்பப் பழசுன்னு அப்பாகிட்டக் கேட்டேன். சாமிப் பெட்டிக்குள்ள இருக்கதுதான்னு சொன்னாக. நீங்க கொண்டாரச் சொன்னீகள்ல?"

சுகிர்தம் சாக்பீஸைக் கீழே வைத்தாள். பிள்ளை மேல் என்ன தப்பு? சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறது.

தலைமையாசிரியர் குருசாமி எட்டிப் பார்த்தார். பார்த்ததும் அவருக்கு வேர்த்துவிட்டது. "டீச்சர், மத்தியான பஸ்ஸுக்குக் கெளம்பிருங்க. லீவு நான் போட்டுக்கிறேன்."

"புள்ளைய விட்டுட்டா சார்?"

"அது அவுக புள்ளை. அடிப்பாக, கூட்டிட்டுப் போயிருவாக. நீங்க வெளியூரு."

அவள் போகவில்லை. தைரியசாலி என்று யாரும் நினைக்க வேண்டாம். மத்தியானம் பஸ் ஹார்ன் அடித்துவிட்டுப் போன சத்தம் கேட்டபோது அவளுக்கு அழுகை முட்டியது. பவுனைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டே இருந்தாள்.

கொஞ்ச நேரத்தில் சுருளியாண்டி வந்தார். குளித்த ஈரம் காயாத உடம்பு, கையில் புதுத்துண்டு. பின்னால் ஊர் ஆம்பளைகள். அவர் யாரையும் பார்க்காமல் நேரே பெஞ்சுக்குப் போனார். துண்டில் வளரியை ஏந்தியவர், அப்படியே நின்றார்.

"இது என்ன எழுத்து?"

"ஒன்னு" என்றாள் சுகிர்தம். "வந்த சாமான்லயே பழசு அதுதான்னு போட்டேன்."

"சாமிக்கே நம்பரா?" என்றான் பின்னால் ஒருவன்.

சுருளியாண்டி வளரியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு மகளைப் பார்த்துக் கையை ஓங்கினார். சுகிர்தம் குறுக்கே போய் நின்றாள்.

"அவ மேல கை வைக்காதீக. கொண்டாரச் சொன்னது நான். என்னைய என்ன வேணாலும் சொல்லுங்க, அவ படிப்ப மட்டும் நிறுத்திராதீக."

"பள்ளிக்கூடத்துக்குப் போயித்தான டீச்சர் இந்தத் துணிச்சல் வந்துச்சு? இனிமே அவ எதுக்கு இங்கன?"

கூட்டத்தில் வயதான ஒச்சாண்டி தொண்டையைக் கனைத்தார். "நம்ம பேசி என்ன ஆகப் போகுது? சாமியத் தொட்டிருக்கா, சாமிகிட்டயே கேட்டுருவோம். பூக்கட்டிப் பாப்பம்."

கோயில் வாசலில் வெள்ளை அரளி ஒன்று, சிவப்பு அரளி ஒன்று. இரண்டையும் தனித்தனி இலையில் ஒரே மாதிரி மடித்துச் சாமி முன்னால் போட்டார்கள். சுருளியாண்டி கேட்டார்: "ஆத்தா, எம்மக பவுனு இனிமே பள்ளிக்கூடத்துக்குப் போலாமா? போலாம்னா வெள்ளையக் குடு. வேணாம்னா செவப்பக் குடு."

எடுப்பதற்கு, இன்னும் பேச்சு வராத ஒரு குழந்தையை இறக்கிவிட்டார்கள். அது ஒரு பொட்டலத்தைத் தொட்டது, விட்டது, மற்றதைத் தொட்டது. ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிற சுகிர்தம், தூரத்தில் வேப்பமரத்தடியில் நின்று, ஆண்டவரையும் ஆத்தாளையும் சேர்த்து உதட்டுக்குள் கூப்பிட்டாள். வெள்ளை வரட்டும். வெள்ளை மட்டும் வரட்டும்.

சிவப்பு வந்தது.

பவுனு சத்தமே இல்லாமல் அழுதாள். அதைவிடச் சுகிர்தத்தைத் தைத்தது சுருளியாண்டியின் முகம். பொட்டலத்தைப் பிரித்த மனுசன், அந்தப் பூவையே பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் போன இடம் தெரியவில்லை. அவரும் வெள்ளையைத்தான் எதிர்பார்த்திருக்கிறார்.

மறுநாள் வகுப்பில் பவுனு உட்காரும் இடம் காலியாக இருந்தது. பக்கத்துப் பிள்ளைகள்கூட நகர்ந்து உட்காரவில்லை. சுகிர்தம் வருகைப் பதிவு எடுத்தாள். பவுனின் பெயர் வந்ததும் பதிவேட்டை மூடி வைத்தாள். அப்புறம் சுவரில் தொங்கிய இந்தியப் படத்தைக் கழற்றிச் சுருட்டினாள்.

"எந்திரிங்க. இன்னைக்கு வெளியில பாடம்."

குருசாமி வாசலில் மறித்தார். "வேணாம் டீச்சர். சாமி உத்தரவு ஆகிப்போச்சு. மறுபடியும் வம்ப வெலைக்கு வாங்காதீக."

"சாமி பள்ளிக்கூடத்துக்குப் போகக் கூடாதுன்னுதான் சார் சொல்லுச்சு. பாடம் படிக்கக் கூடாதுன்னு யாரும் கேக்கவும் இல்ல, அது சொல்லவும் இல்ல."

தெரு நெடுகப் பிள்ளைகள் பின்னால் வர, சுருளியாண்டி வீட்டு முற்றத்தில் போய் நின்றாள். அவர் வாசலில் உட்கார்ந்து வேலிக்கு முள் சீவிக்கொண்டிருந்தார். கையில் அரிவாள். நிமிர்ந்து பார்த்தவர் எழுந்து நிலைப்படியை அடைத்துக்கொண்டு நின்றார். எதிர்வீட்டுக்காரர்கள் வெளியே வந்தார்கள். வா என்றும் அவர் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

சுகிர்தம் படத்தைத் தரையில் விரித்து, பறக்காமல் இருக்க நாலு மூலையிலும் கல் வைத்தாள். பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்தார்கள். உள்ளே இருப்பவளுக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகவே கேட்டாள்.

"நேத்து வந்த சாமான்ல எது ரொம்பப் பழசு? யாரு வச்சிருந்தது?"

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பூசாரி அரிவாளோடு நிற்கும்போது யார் வாயைத் திறப்பார்கள்?

"வளரி டீச்சர்." இருட்டான வீட்டுக்குள்ளிருந்து அழுது கரகரத்த குரல் வந்தது. "எங்க பூட்டனுக்குப் பூட்டன் வச்சிருந்தது."

சுருளியாண்டி திரும்பி உள்ளே பார்த்தார். சுகிர்தம் கையிலிருந்த சாக்பீஸை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவர் அரிவாளைக் கூரை இறவாரத்தில் செருகினார். நிலைப்படியை விட்டு ஒதுங்கி நின்றார்.

"உள்ள இருந்துகிட்டு என்ன பதிலு?" என்றார் மகளிடம். "வெளிய வந்து டீச்சர் முன்னாடி உக்காந்து சொல்லு."