என் தங்கையைத் திட்டியவர்

என் தங்கை நர்ஸ். டியூட்டி லிஸ்ட் போடும் நாளில் அவள் வார்டில் சண்டைதான். இரவு டியூட்டி எப்போதும் வாயில்லாதவர்கள் தலையில் விழும். அது பொறுக்காமல், எல்லாருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள் ஒன்றை அவளே எழுதினாள். விடுமுறை நாட்களில் என் தையல் மேசையின் மறுமுனையில் உட்கார்ந்து எழுதியது. எட்டாவதோடு நின்றவள் நான். எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து பார்த்துத் திருத்தலாம் என்று இணையத்தில் வைத்தாள். ஒரு வருடமாகியும் அவள் வார்டைத் தவிர யாரும் சீண்டவில்லை.

"இந்த மாசத்தோட மூடிடறேன்க்கா. ஆளில்லாத கடைக்கு எதுக்கு விளக்கு?"

எனக்கு மனசு கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில், பிடித்தவர்கள் அமுக்க ஒரு நட்சத்திரம் உண்டு. சொந்தபந்தம் ஒருவர் விடாமல் பிடித்து அமுக்க வைத்தேன்.

அவள் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். "உன் மாமியார்கூட அமுக்கியிருக்காங்க! அவங்க எந்த வார்டுக்கா?"

"நீ நல்லா வரணும்னு அமுக்கினாங்கடி."

அன்றிலிருந்து காலையில் மெஷினில் உட்காருமுன் அந்தப் பக்கத்தைப் பார்த்துவிடுவேன். ஒருநாள் யாரோ எழுதியிருந்தார்கள்: 'இத்தனை நட்சத்திரத்தைப் பார்த்து நம்பி ஏமாந்தேன். மாதக் கடைசி இரவு வேலை பார்த்தவளுக்கே அடுத்த மாத முதல் காலையும் போடுகிறது. எழுதியவருக்குத் தூக்கமே வராதா?' கீழே, வேறு ஊர் மருத்துவமனையின் தலைமை நர்ஸ் என்று இருந்தது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. டியூட்டி முடித்து வந்தவளிடம் செருப்பைக் கழற்றுமுன் காட்டினேன். "இந்தம்மாவுக்கு நான் பதில் எழுதறேன்."

அவள் படித்தாள். என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தாள்.

"யாரோ யூஸ் பண்றாங்கக்கா! யூஸ் பண்ணாதவங்க எதுக்குத் திட்டப்போறாங்க? எங்க வார்டுல அதை நானே கையால மாத்திடுவேன். பழகிப்போய் தப்புன்னே தோணல."

சாப்பிடக்கூட இல்லை. உட்கார்ந்து திருத்தி, நன்றி சொல்லி அனுப்பிவிட்டுத்தான் எழுந்தாள்.

அந்த அம்மா தனக்குத் தெரிந்த வார்டுகளுக்கெல்லாம் சொன்னார். அவர்கள் மூலம் இன்னும் சிலர் வந்தார்கள். ஒருவர் அதைத் தம் மொழிக்கு மாற்றியே கொடுத்தார். மூடுகிற பேச்சு நின்றது.

எனக்குத்தான் கடன்பட்ட மாதிரி இருந்தது. தங்கைக்குத் தெரியாமல் எழுத்துக்கூட்டித் தட்டினேன்: 'அம்மா, என் தங்கையைத் திட்டியதற்கு ரொம்ப நன்றி.'

உடனே பதில் வந்தது.

'லீவு போடுற இடத்துல இன்னும் ரெண்டு தப்பு இருக்கு. தங்கச்சியக் கூப்பிடுங்க.'