அம்மன் திருப்பித் தந்த பிள்ளை

என் மகள் சாம்பவிக்கு மூன்று மாதம். அழும்போதெல்லாம் உதடு நாவற்பழம் தின்றது போல நீலமாகும். இருதயத்தில் ஓட்டை, நுரையீரலுக்கு இரத்தம் போகும் வழியும் ஒடுக்கம் என்றார்கள். கொழும்பில் ஒப்பரேசன். உள்ளங்கை அகல நெஞ்சைக் கிழிக்கப்போகிறார்கள் என்று கேட்டதும் எனக்கு உலகமே இருண்டது. "தாயே, இவளை உனக்கே விற்கிறேன், உயிரை மட்டும் விட்டுவை" என்று அம்மனிடம் அழுதேன்.

பிழைத்தாள். உதடு சிவந்தது. எங்கள் ஊர் இறக்கக்கண்டிக்குத் திரும்பியதும் நேர்த்தியை நிறைவேற்றினோம். ஐயர் பிள்ளையை வாங்கி அம்மன் சந்நிதியில் கிடத்தினார். என் தம்பி காணிக்கை வைத்து அவளைத் திரும்ப வாங்கி என் மடியில் போட்டான்.

அடியார்களே, அதற்குப் பிறகு நான் செய்த மடத்தனத்தைக் கேளுங்கள். வருடாவருடம் கிளினிக்குக்கு வரச் சொல்லியிருந்தார்கள். ஐந்து வயதோடு நிறுத்திவிட்டேன். அம்மனுடைய பிள்ளையை டொக்டரிடம் காட்டினால் அம்மனைச் சந்தேகப்பட்டதாகிவிடுமாம்!

பதினேழு வயதில் பள்ளிக்கூடப் படியேறும்போது மயங்கி விழுந்தாள். அப்போதும் நான் கற்பூரத்தைத்தான் தேடினேன். என் கணவர் கடலுக்குப் போகிறவர், அதிகம் பேசமாட்டார். அன்றைக்குப் பேசினார்.

"அம்மன் இவளைத் தன்னோடயே வச்சிருக்க நினைச்சிருந்தா திருப்பித் தந்திருப்பாவோ? பாக்கச் சொல்லித்தானே எங்கட கையில தந்தவ. நீ பாத்தனியோ?"

டொக்டர்கள் எழுதித் தந்த பழைய கிளினிக் கொப்பியைத் தேடி எடுத்தேன். அன்றைக்கே கொழும்புக்கு வெளிக்கிட்டோம்.

"சின்னனில திருத்தின இருதயம் பிள்ளையோட வளரும் அம்மா, அப்பப்ப பாக்கத்தான் வேணும்" என்றார் டொக்டர். வால்வு ஒழுகி, இருதயம் வீங்கியிருந்தது. காலம் கடந்துவிட்டதா என்பதை ஸ்கேன் பார்த்துத்தான் சொல்ல ஏலுமாம்.

இரண்டு நாள் பச்சைத்தண்ணீர் இறங்கவில்லை. "தாயே, என் பிழைக்கு அவளைத் தண்டிக்காதே" என்பதைத் தவிர எனக்கு வேறு மந்திரம் தெரியவில்லை.

மூன்றாம் நாள் டொக்டர் கூப்பிட்டார். "இன்னும் பிந்தேல்ல அம்மா. புது வால்வு வைக்கலாம்."

நான் பாராமல் விட்ட பன்னிரண்டு வருடமும் அந்தத் தைத்த இருதயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது யார்? நினைத்தால் இப்போதும் கை தானாகக் கூம்புகிறது.

புது வால்வோடு இன்று அவளுக்கு இருபது வயது. படிக்கிறாள், ஓடி பஸ் பிடிக்கிறாள். இந்த வால்வையும் ஒருநாள் மாற்ற வேண்டிவருமாம். வரட்டும். அம்மன் இருக்கிறாள், இந்த முறை நானும் இருக்கிறேன்.

வருகிற வெள்ளிக்கிழமை அவளுக்குக் கிளினிக். விடியக் கோயிலுக்குப் போய்விட்டுத்தான் பஸ் ஏறுவோம். நேர்த்தி முடிந்ததென்று உங்கள் வீட்டிலும் ஒரு கிளினிக் கொப்பி மூடிக்கிடந்தால், பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள். சேர்ந்தே போவோம்.