மூன்றாம் சேவலின் அறை

வசந்தமலர் பைன் மரத்தடியில் முழங்காலிட்டு, விரல் நீள எச்சம் ஒன்றை எடுத்து இரண்டாக ஒடிக்கிறார். "பச்சையாக் கிடக்கு. ராத்திரி இந்த மரத்திலைதான் படுத்திருக்கிறார்," என்கிறார். எச்சமிட்டவருக்கு அவ்வளவு மரியாதை.

அந்த 'அவர்' தியூர் என்கிற காட்டுச் சேவல். வான்கோழி அளவு, கறுப்பு, கண்ணுக்கு மேலே சிவப்புத் தீற்றல். ஏப்ரலில் இவை ஓரிடத்தில் கூடிப் பெட்டைகளுக்கு முன் ஆடும். வசந்தமலர் வேட்டைக்குப் போவது செப்டம்பரில்தான், எத்தனை சேவல் மிச்சமிருக்கிறது என்று இப்போதே பார்த்துவிட வேண்டும்.

அவருக்கு ஐம்பத்து மூன்று வயது. ஒஸ்லோவில், குரோருட்டில் வீடு. வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. குடியிருப்பின் கடைசிக் கட்டடத்துக்குப் பின்னாலேயே காடு தொடங்கிவிடுகிறது. சேவல் எண்ண வெள்ளிக்கிழமை மட்டும்தான் போவார். "வெள்ளியிலை நான் மச்சம் மாமிசம் தொடுறேல்லை. சேவலாருக்கும் பயமில்லை, எனக்கும் ஆசை வராது."

எண்ணுவதைப் பார்க்கக் கூடப் புறப்பட்ட என்னைக் கணவர் வரதராசா வாசலிலேயே எச்சரித்தார்: "கவனம் தம்பி. மற்றப் பொம்பிளையள் பூப் பிடுங்கப் போவினம். இவ பீ பொறுக்கப் போறா."

"செப்டம்பரிலை கறிக்குக் கோப்பையை நீட்டாட்டிச் சரி," என்று திரும்பாமலே பதில் வந்தது.

பொறுக்கியதைப் போடுவது மாத்திரைப் பெட்டியில். ஏழு நாளுக்கு ஏழு அறை, ஏழு மூடி. ஒரு மரத்துக்கு ஓர் அறை. எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான், அதுவும் விலங்கியலில். இப்படியொரு ஆய்வுக்கூடம் பார்த்ததில்லை.

திங்கள் அறையில் ஒரு சேவல் ஏறியது. சற்றுத் தள்ளி, இன்னொரு மரத்தின் நிழலில் உருகாத பனியில் காலடித் தடம், இரு பக்கமும் நீளக் கோடுகள். "செட்டையை இழுத்துக்கொண்டு நடந்திருக்கிறார். பெட்டையளுக்குக் காட்டுற எடுப்பு!" அந்த மரத்தடி எச்சம் செவ்வாய்க்குப் போனது.

இன்னும் ஒன்று வேண்டும். நாலு வருடம் குலுக்கலில் காத்திருந்து, இந்த முறைதான் இந்தக் காட்டுத் துண்டு அவர் பெயருக்கு விழுந்திருக்கிறது. மூன்று சேவலாவது இருந்தால்தான் இங்கே சுடலாம் என்பது அவருடைய வேட்டைக் குழுவின் விதி. குறைந்தால் இந்த வருடம் காட்டுக்குப் பூட்டு. அவர் மறுபடி குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டும். எண்ணிக்கையை அன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும்.

மூன்றாவது மரத்தடியில் எச்சம் குவிந்து கிடந்தது. "பாத்தியளே!" என்று அள்ளிப் புதனை நிரப்பினார். பிறகுதான் ஒன்றை ஒடித்தார். மஞ்சளாக உதிர்ந்தது. இன்னொன்று. அதுவும் தூள். போன வருடத்தது. சுற்றிலும் பனியில் ஒரு கீறல் இல்லை. மேலும் இரண்டு மணி நேரம் மரம் மரமாகத் தேடினோம், இல்லை.

எனக்கே பொறுக்கவில்லை. "மூணுன்னு எழுதிடுங்கக்கா. பெட்டியிலதான் இருக்கே. யார் வந்து ஒடிச்சுப் பார்க்கப் போறாங்க?"

"தம்பி, நான் வயசு போன சனத்துக்குக் குளிசை மருந்து குடுக்கிறனான். குடுக்காததைக் குடுத்ததெண்டு எழுதினா என்ன நடக்கும் சொல்லும்?"

அவர் பெட்டியைத் தொடைமேல் வைத்துக்கொண்டார். பிறகு புதன் மூடியை மட்டும் திறந்து, பனிமேல் கவிழ்த்துத் தட்டினார். மூலையில் ஒட்டியிருந்த தூளை நகத்தால் சுரண்டி, ஒருமுறை ஊதி, வெறும் அறையை 'டக்' என்று மூடினார்.