கால் நடுங்கிய ஜீப்

மலைப்பாதையை இறங்கி முடித்த ஜீப்பின் முன்சக்கரங்களிலிருந்து ஒரு தீய்ந்த வாடை வரும். அடுப்பில் விழுந்த தலைமயிரின் வாடை அது. போளூரில் மாமா வீட்டில் தங்கிப் படித்த நான், எழுபதுகளின் கடைசியில், வாரக் கடைசிக்கு மலைமேல் இருந்த எங்கள் ஊரான ஜமுனாமரத்தூருக்கு வந்துவிட்டு அப்பாவின் ஜீப்பில் திரும்பும்போதெல்லாம் அந்த வாடையை வைத்தே அடிவாரம் வந்துவிட்டது என்று கண்ணைத் திறக்காமல் சொல்லிவிடுவேன்.

அடிவாரத்தில் ஓர் ஓடை உண்டு. பொதி மாடுகளில் சாமையும் புளியும் ஏற்றி வந்த காலத்திலிருந்தே, இறக்கம் முடிந்ததும் மாடுகளை அங்கே நிறுத்திக் கால்களில் தண்ணீர் ஊற்றுவது மலைக்காரர்களின் வழக்கம். ராணுவத்தில் கழித்துவிட்ட ஜீப் ஒன்றை அப்பா வாங்கி வாடகைக்கு ஓட்டத் தொடங்கியபோது அந்த மரியாதை அதற்கும் கிடைத்தது. "நம்மள சொமந்துகினு வந்துச்சே, கால் எரியாதா" என்று சொல்லி, பயணம் செய்த பெண்களே தகர டின்னில் தண்ணீர் மொண்டு வந்து முன்சக்கரங்களில் ஊற்றுவார்கள். 'சொய்ங்' என்று ஆவி கிளம்பும். எங்கள் பக்கத்து வீட்டுக் குப்பு அக்காதான் எப்போதும் முதலில் குதித்து இறங்கி டின்னை எடுப்பாள். மற்ற வண்டிக்காரர்களுக்கு இல்லாத உபசாரம் என்று அப்பாவுக்கும் உள்ளூரப் பெருமை.

ஒரு புளி சீசனில் அந்த ஜீப் நடுங்க ஆரம்பித்தது. சும்மா ஓடும்போது ஒன்றும் இல்லை. இறக்கத்தில் பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் கையை உதறும், மிதி அப்பாவின் காலைத் திருப்பித் தள்ளும், உட்கார்ந்திருப்பவர்களின் பல் கிடுகிடுக்கும். அப்பா டயர்களை முன்னும் பின்னுமாக மாற்றிப் பார்த்தார், நட்டுகளை முறுக்கிப் பார்த்தார். முன்பு லாரி கவிழ்ந்த வளைவைப் பார்த்து வண்டி பயந்துவிட்டது என்று சொன்னவர்களின் மனம் கோணாமல் ஒரு சேவலையும் அறுத்தார். சேவல் குழம்பானது, நடுக்கம் போகவில்லை.

வேறு சமயமாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்போம். குப்பு அக்கா அப்போது நிறைமாதம். முந்தைய பிரசவத்தில் அவளைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு இறங்கி, தாமதமாகி, குழந்தை தங்கவில்லை. இந்த முறை வலி கண்டதும் போளூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதாக அப்பா வாக்குக் கொடுத்திருந்தார். வலி பஸ் நேரம் பார்த்தா வரும்? ஆனால் அவள் மாமியார் எங்கள் வாசலில் நின்று, "நடுங்கற வண்டில எம் மருமவள ஏத்த மாட்டேன், சாமி. வவுத்துல இருக்கறது தாங்காது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்று அப்பா சரியாகச் சாப்பிடவில்லை.

போளூரில் பட்டறை வைத்திருந்த பாய், முன்சக்கரத்தைத் தூக்கி நிறுத்திக் கையால் சுற்றிக் காட்டினார். ஒரு சுற்றில் ஓரிடத்தில் உரசியது, ஓரிடத்தில் விட்டது. பிரேக் கட்டை அழுத்திப் பிடிக்கும் இரும்பு டிரம் வட்டம் கெட்டிருந்தது. "முட்டையாட்டம் கீதுண்ணா" என்றவர், லேத்தில் கொடுத்துக் கடைந்து வாங்கிப் பொருத்தினார். நடுக்கம் நின்றது. கொஞ்ச நாளில் பழையபடி வந்தது. "இன்னொரு வாட்டிதான் கடையலாம், அப்பறம் அப்பளமா பூடும்" என்று பாயும் கையை விரித்தார்.

காரணத்தைக் கண்டுபிடித்தது என் அம்மா. ஒரு கல்யாணத்துக்காக எங்களோடு கீழே வந்தவள், அடிவாரத்தில் பெண்கள் தண்ணீர் ஊற்றுவதையும் ஆவி கிளம்புவதையும் அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள். "ஏங்க, காயற தோசக்கல்லுல ஒரு சொம்பு பச்சத்தண்ணிய ஊத்தினா இன்னா ஆவும்?" என்று கேட்டாள். அப்பா குனிந்து சக்கரத்தைப் பார்த்தார். பாயிடம் கேட்டபோது, "சுட்ட இரும்புல பச்சத்தண்ணி பட்டா கோணிக்காதா" என்று தலையில் அடித்துக்கொண்டார். டிரம்மை இரண்டாவது முறையும் கடைந்து மாட்டினார்கள்.

அதன் பிறகுதான் அப்பாவுக்குப் பெரிய சங்கடம். அன்போடு செய்கிறவர்களிடம் அது கெடுதல் என்று எப்படிச் சொல்வது? சுற்றி வளைத்து ஒருவழியாகக் குப்பு அக்காவிடம் சொன்னார். அவள் முகம் செத்துவிட்டது. "அப்போ நாந்தான் அத்த நடுங்க வெச்சனாண்ணா?" என்று கேட்டாள். "நீ நல்லது நெனச்சிதானம்மா ஊத்தின. வண்டிக்குத் தெரியாம பூட்ச்சி" என்றார் அப்பா. அவள் சிரிக்கவில்லை. மறுநாள் மாமியாரிடம் நேராகப் போய், "வண்டி மேல தப்பு இல்ல, நான் அதுலதான் போவேன்" என்று சொல்லிவிட்டாள்.

ஒரு ஞாயிறு மாலை, நான் புத்தகப் பையோடு முன்சீட்டில் ஏறிய பிறகு அவளுக்கு வலி கண்டது. மாமியாரும் இன்னும் இரண்டு பெண்களும் அவளைப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தார்கள். அப்பா இரண்டாவது கியரிலேயே இறக்கினார். வளைவுக்கு வளைவு அவர் பிரேக்கைத் தொடும்போது நான் ஸ்டியரிங்கையே பார்த்தேன்; அது உதறவில்லை. அடிவாரத்தில் ஒரு மாட்டு மந்தை குறுக்கே வந்ததால் வண்டி நின்றது. கைப்பழக்கத்தில் ஒரு பெண் டின்னை எடுத்துக்கொண்டு இறங்கப் போனாள். வலியில் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்த குப்பு அக்கா அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். "சூடா கீதுடி, ஊத்தாத. தானா ஆறட்டும்."

அன்றிரவே பெண் குழந்தை பிறந்தது. அப்பா ஆஸ்பத்திரி வாசலில் நின்று அழுதார்; அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

இப்போது அந்தப் பாதை அகலமாகிவிட்டது, போன் போட்டால் ஆம்புலன்ஸ் வருகிறது, அடிவாரத்தில் யாரும் நிற்பதில்லை. இதற்கெல்லாம் வருந்த நான் ஒன்றும் பைத்தியமில்லை. இவை அன்றே இருந்திருந்தால் அக்காவின் முதல் பிள்ளை இருந்திருக்கும். போன வருஷம் இடுப்பெலும்பு முறிந்து குப்பு அக்காவை ஆம்புலன்ஸில் கொண்டுவந்தபோது நான் போளூரில் காத்திருந்தேன். ஸ்ட்ரெச்சரில் இறக்கும்போது, அந்த வலியிலும், அவள் டிரைவரைக் கூப்பிட்டாள்.

"வண்டி ரொம்ப சூடாயிட்ச்சாப்பா? செத்த நேரம் நிறுத்தி வையி" என்றாள்.

அந்தப் பையன் சரி பாட்டி என்று சொல்லிவிட்டு அடுத்த அழைப்புக்குக் கிளம்பிப் போனான். அக்கா இந்தத் தையில் காலமாகிவிட்டாள். வண்டியைப் பற்றி அப்படிக் கேட்க அந்த மலையில் இனி எனக்குத் தெரிந்து யாரும் இல்லை.