ப. என்றால் பத்தி

திண்டிவனம் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், கல்யாணத்துக்கும் நினைவஞ்சலிக்கும் இணையப் பக்கம் செய்து தரும் ஒரு கடையில் வேலை பார்த்தேன். விவரங்களைத் தட்டச்சு செய்தவள் ஒலக்கூரிலிருந்து வரும் ஒரு பெண். இது தலைப்பு, இது பத்தி என்று கணினிக்குச் சொல்ல ஒவ்வொரு வரிக்கும் முன்னும் பின்னும் கோணக்குறி போட்டு அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

"தெறக்கறதும் மூடறதுமாவே இருக்கணும், ஒரே பேஜாரா இருக்குதுண்ணா" என்றாள்.

அவளுக்காக ஒரு சுருக்கமான குறிமுறையை உருவாக்கினேன். அவளுக்காக என்று சொல்லிக்கொண்டேன். பாதி என் பெருமைக்காக. வரியின் தொடக்கத்தில் ஓர் எழுத்து, ஒரு புள்ளி, அவ்வளவுதான். த. என்றால் தலைப்பு, ப. என்றால் பத்தி, இ. என்றால் இணைப்பு. மூடவே வேண்டாம். மீதியை என் நிரல் பார்த்துக்கொள்ளும். ஒரே மதியத்தில் கற்றுக்கொண்டாள். விழுப்புரம் கிளையிலும் இதையே வைத்துக்கொள்ளலாம் என்றார் முதலாளி. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மறுநாளே விக்கிரவாண்டியிலிருந்து ஒருவர் கோபமாக வந்தார். அவருடைய அப்பாவின் பதினாறாம் நாள் காரியத்துக்கு நாங்கள் செய்த பக்கம் வாட்ஸ்அப்பில் ஊரெல்லாம் போய்விட்டது.

"அப்பா காரியத்துக்கே அப்பா இனிஷியல எடுத்துட்டீங்களே! பெத்த புள்ளைங்க அஞ்சு பேருக்கும் அப்பன் இல்லியா?"

பிள்ளைகள் ஐவரின் பெயருக்கு முன்னாலும் ப. இல்லை.

"போட்டேன் சார், நல்லா நெனப்பு இருக்குது" என்றாள் அவள்.

"அப்ப எலி தின்னுக்கினு போச்சா?" என்றார் முதலாளி.

தின்றது என் நிரல். வரித் தொடக்கத்தில் ப. வந்ததும் பத்தி என்று எடுத்து விழுங்கிவிட்டது. என் பெயருக்கு முன்னாலும் ஓர் எழுத்தும் புள்ளியும் உண்டு. அப்படியிருந்தும் எனக்கு அது உறைக்கவில்லை. அவள் தட்டச்சு செய்த கோப்பைத் திறந்து காட்டியிருந்தால் போதும், ஐந்து ப.வும் அதில் அப்படியே இருந்தன. நான் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். விழுப்புரம் கைவிட்டுப் போய்விடுமே என்ற பயம். நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அன்று மாலையே புள்ளியை இரண்டாக்கி, சத்தமில்லாமல் நிரலைத் திருத்தினேன். சனிக்கிழமை அவளை வேலையை விட்டு நிறுத்தினார்கள். போகும்முன் பையோடு என் மேசைக்கு வந்தாள்.

"உங்க எழுத்து ஈசியாத்தாண்ணா இருந்துச்சு. நாந்தான் எங்கியோ வுட்டுட்டேன். போட்டனா இல்லியான்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்குது. மன்னிச்சிக்குங்கண்ணா."

"பரவால்ல, வுடும்மா" என்று அவளை நான் மன்னித்தேன்.