பிக் பார்த்த மாப்பிள்ளை

என்னைப் பெண் பார்க்க வந்தவர்களில் பாதிப்பேர் என் கிட்டாரைத்தான் பார்த்தார்கள். கூடத்து மூலையில் அது சாய்ந்து நிற்கும். மாப்பிள்ளையின் அம்மா மைசூர்பாவைக் கடித்தபடி, "அது யாரு வாசிக்கறதுங்க?" என்பார். என் அம்மா உடனே, "காலேஜ்ல சும்மா கத்துக்கிட்டதுங்க. இப்பெல்லாம் தொடறதே இல்லீங்க" என்பார், ஏதோ நான் பீடியை விட்டுத் திருந்திவிட்டது போல. அன்று காலையில்தான் நான் அரை மணி நேரம் வாசித்திருப்பேன். பொய் சொல்லும்போது என் அம்மாவின் முகத்தில் ஒரு சுருக்கம்கூட விழாது.

திருப்பூர் காதர்பேட்டையில் அப்பாவுக்கு மொத்த பனியன் கடை. பில் போடுவது நான். பகல் முழுக்க வெளியூர் வியாபாரிகள் காதைத் தின்பார்கள். இந்தியில் பேரம், தெலுங்கில் சண்டை, நடுவில் அப்பாவின் கொங்குத் தமிழில் சமாதானம். வீட்டுக்கு வந்தால் எனக்குக் கிட்டார் வேண்டும். கோயமுத்தூரில் படித்தபோது கற்றுக்கொண்டது, அதை விட என்னால் முடியாது. கல்யாணத்துக்குப் பிறகும் வாசிப்பேன், சம்மதிக்கிறவன் வந்தால் வரட்டும், இல்லாவிட்டால் கல்யாணமே வேண்டாம் என்று வீட்டில் தெளிவாகச் சொல்லிவிட்டேன். அம்மா அழுதார். அப்பா போனைப் பார்த்தார்.

அப்போதுதான் இந்த மாப்பிள்ளை வந்தார். குன்னத்தூர்ப் பக்கம் தோட்டம் காடு உள்ள குடும்பம். ஆள் ஓர் ஏற்றுமதி கம்பெனியில் குவாலிட்டி மேனேஜர், அதாவது மற்றவர்கள் செய்ததில் குற்றம் கண்டுபிடிக்கச் சம்பளம் வாங்குகிறவர். காபியைக் கீழே வைத்துவிட்டு நேராகக் கிட்டாரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏனுங்க, எந்த பிக் யூஸ் பண்றீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிட்டார் கம்பியைத் தட்ட விரல்களுக்கு நடுவில் பிடிக்கும் அந்தச் சின்ன முக்கோணப் பிளாஸ்டிக்குக்கு பிக் என்று பெயர் உண்டென்பது தெரிந்த ஒரே மாப்பிள்ளை! ஆகா, ஆள் கிடைத்துவிட்டது என்று மனசு துள்ளியது.

"மெல்லிசுங்க" என்றேன்.

"மெல்லிசுன்னா எத்தனை எம்.எம்.ங்க?"

தெரியவில்லை. எடுத்துக் கொடுத்தேன். அதை வளைத்துப் பார்த்தார், ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார், ஓரத்தை நகத்தால் தடவினார். "இதை யாருங்க அப்ரூவ் பண்ணுனது?" என்றார்.

"கடைக்காரரு குடுத்தாருங்க."

அவர் முகத்தில் வந்த பரிதாபத்தைப் பார்க்க வேண்டுமே. "சரியான பிக்கை நான் பாத்துத் தாரனுங்க" என்றார். பையனுக்குச் சம்மதம் என்று இரண்டு வீட்டிலும் முடிவு கட்டிவிட்டார்கள். நான் ஒரு மாதம் அவகாசம் கேட்டேன்.

நிச்சயம் ஆகப்போகிற மற்ற பெண்களுக்கு வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ வரும். எனக்கு பிக் வந்தது. ஸ்கேல் பக்கத்தில் பிக். எடை மெஷின் மேல் பிக். மெல்லிசு, நடுத்தரம், தடிமன். முனை கூரானது, முனை மழுங்கியது. எங்கெங்கோ படித்துவிட்டு எனக்கே பாடம் எடுத்தார். கம்பி எல்லாவற்றையும் சேர்த்து வருடினால் மெல்லிசாம், ஒவ்வொரு கம்பியாகத் தட்டினால் தடிமனாம், வேகமாக வாசித்தால் கூர் முனையாம். இதெல்லாம் சரிதான், எந்தக் கிட்டார்க்காரனும் சொல்வதுதான்.

"நீங்க எல்லாக் கம்பியும் சேத்தி அடிப்பீங்களா, ஒத்தைக் கம்பியாவா?" என்று கேட்டார்.

"ரெண்டுந்தானுங்க" என்றேன்.

"ரெண்டும்னா எது எத்தனை பர்சென்ட்டுங்க?"

இதற்கு என்ன பதில் சொல்வது? என் தலையெழுத்து என்று ஒரு பர்சென்ட்டைச் சொல்லித் தொலைத்தேன்.

அடுத்து தன் கம்பெனி லேபுக்குப் போனார். திருப்பூரில் ஒரு சின்னப் பட்டனானாலும் துவைத்துப் பார்த்து, தேய்த்துப் பார்த்து, வேர்வையில் ஊறவைத்துப் பார்த்துத்தான் துணியில் தைப்பார்கள். இவர் என் பிக்குகளையும் பட்டன் கணக்கில் சேர்த்துவிட்டார். குழந்தை பனியன்களோடு அவையும் வாஷிங் மெஷினில் சுற்றின. சாயம் இறங்குகிறதா என்று வெள்ளைத் துணியோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். பச்சை நிற பிக் ஒன்று ஃபெயில் என்று மிகுந்த வருத்தத்துடன் செய்தி அனுப்பினார், தலைப் பிரசவத்தில் ஏதோ சிக்கல் என்பது போல.

"பிக்கை யாராவது தொவைப்பாங்களா?" என்று கேட்டேன்.

"கொழந்தை எடுத்துக் கடிச்சிருச்சுன்னா?"

"எந்தக் கொழந்தைங்க?"

அதற்கு அப்புறம் அன்று முழுக்க மனிதர் ஆளையே காணோம்.

அம்மாவுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. "என்ன கண்ணு பேசறாரு?" என்று கேட்பார். "பிளாஸ்டிக்கைப் பத்திப் பேசறாரும்மா" என்பேன். "வேற எதுவும் பேசறதில்லையா? தங்கமான பையன்!" என்பார் அம்மா.

எனக்கோ நாளாக ஆக எரிச்சல் ஏறியது. சிரிப்பெல்லாம் வற்றிவிட்டது. தடிமன் கேட்டார், நிறம் கேட்டார், என் கட்டைவிரல் அகலத்தைக்கூடக் கேட்டார். ஒரு பாட்டு வாசியுங்கள் என்று மட்டும் கேட்கவே இல்லை. கேட்பார், கேட்பார் என்று காத்திருந்து எனக்கு வெட்கமாகிவிட்டது. கிட்டாரை விடச் சொல்லாத மாப்பிள்ளைதான், ஆனால் கட்டிக்கொண்டு போய் என்ன, அங்கும் நான் சுவரைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டும். வேண்டாம் என்று சொல்லிவிடுவதாக முடிவு செய்தேன். அழுகையாக வந்தது, அழுதேன்.

மாதம் முடிந்து, அவர் தன் அப்பா அம்மாவுடன் பதில் கேட்க வந்தார். கையில் பட்டன் சாம்பிள் வைக்கும் டப்பா. ஒவ்வொரு அறையிலும் ஒரு பிக், ஒவ்வொன்றுக்கும் ஒரு பாலிதீன் உறை, உறை மேல் ஒரு சீட்டு. என் அப்பா எட்டிப் பார்த்து, "புது ஆர்டருங்களா தம்பி?" என்றார்.

"இல்லீங் மாமா, உங்க புள்ளைக்குத்தானுங்க. எல்லா டெஸ்ட்டும் பாஸு."

எனக்கு வந்ததே கோபம். பெரியவர்கள் இருக்கிறார்கள் என்றெல்லாம் பார்க்கவில்லை. "ஒரு மாசமா பிளாஸ்டிக்கை ஊறப்போட்டுப் பாத்தீங்களே, நான் வாசிச்சு ஒருவாட்டியாச்சும் கேட்டீங்களா?" என்றேன். அம்மா என்னைப் பார்த்த பார்வையில் காபியே திரிந்திருக்கும்.

அவர் டப்பாவைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "கேக்கறதுக்குப் பயமுங்க."

"என்ன பயம்?"

"நல்லா இல்லீன்னா, நல்லா இருக்குதுன்னு சொல்றதுக்கு எனக்கு வராதுங்க. தொழில் அப்படி ஆயிப்போச்சு. கல்யாணத்துக்கு முன்னாடியே உங்ககிட்ட வாங்கிக் கட்டிக்க வேண்டாம்னு பாத்தனுங்க."

அப்படியா சங்கதி! கிட்டாரை எடுத்தேன். என் பழைய மெல்லிசு பிக்கையே எடுத்துக்கொண்டு அவருக்கு நேர் எதிரில் உட்கார்ந்து வாசித்தேன். எங்கள் வீட்டில் பாட்டு முடிவதற்குள் பாராட்டு தயாராக இருக்கும். அம்மா பாதியிலேயே தலையாட்டினார். அப்பா போனை விரலால் தள்ளிக்கொண்டே "சூப்பர்" என்றார். மாப்பிள்ளையின் அம்மாவும், "சினிமாவாட்டவே இருக்குது அம்மிணி" என்றார். மாப்பிள்ளை மட்டும் தலை குனிந்தபடி இருந்தார்.

"சொல்லுங்க" என்றேன்.

"சொல்லட்டுமுங்களா?"

"சொல்லுங்கன்னுதானுங்க சொல்றேன்!"

"கம்பிச் சத்தத்தோட பட்டுபட்டுன்னு இன்னொரு சத்தம் வருதுங்க. ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் வந்துட்டே இருக்குது."

எனக்குக் காது சுட்டது. அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியும். கோயமுத்தூர் வாத்தியார் உன் கை சரியில்லை என்று சொல்லிச் சொல்லியே என்னைக் கொன்றார். மணிக்கட்டை எத்தனை விதமாகத் திருப்பியும் போகவில்லை. வீட்டில் யாருக்கும் அது கேட்டதாகத் தெரியவில்லை, அதனால் நானும் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

"என் கை அப்படித்தானுங்க" என்றேன்.

"கையா இருக்காதுங்க. துணியில ஒரே கோடு விடாம வந்துச்சுன்னா, நாங்க நூலைத் திட்ட மாட்டமுங்க. மிஷின்ல ஊசியத்தான் மாத்துவம். நீங்க அழுத்தி வாசிக்கறீங்க, இந்த மெல்லிசு தாங்காம மடங்கி மடங்கி அடிக்குது."

டப்பாவில் துழாவினார். பாஸான அருமைப் பிள்ளைகளையெல்லாம் ஒதுக்கிவிட்டு, அடியிலிருந்து கொஞ்சம் தடித்த அந்தப் பச்சை பிக்கை எடுத்தார். "இது ஃபெயிலானதுங்க. ஆனா உங்க கைக்கு இதுதான் சரியா வரும்" என்று கூச்சத்துடன் நீட்டினார்.

வாசித்தேன். அந்தச் சத்தம் இல்லை. கம்பி மட்டும் கேட்டது, சுத்தமாக. இத்தனை வருஷமாக என் கையை நான் திட்டாத திட்டில்லை. பாவம், அது ஒரு தப்பும் செய்யவில்லை. கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. பாட்டை முடித்துத் தலை நிமிர்ந்தேன். அவர் வாயைத் திறக்கலாமா வேண்டாமா என்று தவித்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் என்னங்க?"

"அந்தச் சத்தம் போனதுக்கப்புறந்தான் தெரியுதுங்க. நடுவுல உங்களுக்குத் தாளம் ஓடிப்போவுது."

அவருடைய அம்மா அவர் தொடையில் நறுக்கென்று கிள்ளியதை எல்லோரும் பார்த்தோம். என் அம்மா சமையலறை வாசலில் நிலையைப் பிடித்துக்கொண்டார். இந்தச் சம்பந்தமும் போயிற்று என்று அவர் முகத்திலேயே எழுதி ஒட்டியிருந்தது. அப்பா போனை வைத்துவிட்டு, என்னைச் சமாதானப்படுத்துகிற குரலில், "இல்லயே கண்ணு, எப்பவும் போல நல்லாத்தான இருந்துச்சு?" என்றார்.

"நீங்க ஒரு நாளும் காது குடுத்துக் கேட்டதே இல்லீங்கப்பா. இவருதான் கேட்டாரு" என்றேன். "நிச்சயத்துக்கு நாள் பாருங்க."